எல்லை தாண்டி வரும் பழைய ஜீப்: புகைத் தடுப்புச் சாதனங்களைப் பார்த்து வாங்க வேண்டும்

ஓசூர், சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை வட்டாரங்களில் முன்பு மாட்டு வண்டி நின்ற வாசலில் இன்று ஜீப் நிற்கிறது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ என்று கம்பெனி வைத்த பெயர் எதுவானாலும் ஊராருக்கு அது ஜீப்தான். குழித்தட்டு நாற்று கொண்டு வர, மருந்து வாங்க, ரோஜாப் பூவை விடியுமுன் சந்தைக்குச் சேர்க்க, வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் ஓசூருக்கு ஓட என்று எல்லாவற்றிற்கும் அந்த ஒரே வண்டிதான். புது வண்டி வாங்கும் சக்தி பலருக்கு இல்லை. தக்காளியோ மாவோ கைகொடுத்த ஆண்டில், அத்திப்பள்ளியைத் தாண்டினால் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்குச் சென்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி ஒன்றைப் பிடித்து வருகிறார்கள். அங்கு தேர்ந்தெடுக்க வண்டிகள் அதிகம் என்பதே காரணம்.

இவ்விதம் வாங்கும்போது விவசாயிகள் டயரைப் பார்க்கிறார்கள், துருவைப் பார்க்கிறார்கள், இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் புகைத் தடுப்புச் சாதனங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை, அவை முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பவர் மிகக் குறைவு. இந்த எல்லைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

காரணம் எளிது. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டில், ஒரே பெயரில் செய்த வண்டி எல்லைக்கு அப்பால் ஒரு விதமாகவும் இப்பால் வேறு விதமாகவும் விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வாகனப் புகைக்கு நம் நாட்டில் "பாரத் ஸ்டேஜ்" என்ற பெயரில் படிப்படியாக அளவு நிர்ணயிக்கப்பட்டு வந்துள்ளது. சுருக்கமாக பி.எஸ். என்பார்கள். 2005 ஏப்ரலில் பெங்களூர், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு பி.எஸ்.3 வந்தபோது மற்ற ஊர்களுக்கு பி.எஸ்.2 போதும் என்று விடப்பட்டது. 2010 ஏப்ரலில் அதே பெருநகரங்கள் பி.எஸ்.4-க்கு உயர்ந்தன, ஏனைய பகுதிகள் அந்த ஆண்டில்தான் பி.எஸ்.3-க்கு வந்து சேர்ந்தன. பிறகு பி.எஸ்.4 சிறிது சிறிதாக வேறு ஊர்களுக்கும் பரவி, 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு முழுவதற்கும் பொதுவானது. இடையில் ஒரு எண்ணைத் தாண்டி, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 எங்கும் அமலுக்கு வந்தது.

ஆகவே 2010-க்கும் 2017-க்கும் இடைப்பட்ட வண்டி என்றால் ஆண்டை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பெங்களூர் நகரில் பதிவான பொலேரோ பி.எஸ்.4 ஆக இருக்கும். அதே மாதத்தில் கிருஷ்ணகிரியில் பதிவானது பி.எஸ்.3 ஆக இருக்கலாம். நிறம், விளக்கு, இருக்கை எதிலும் வேற்றுமை தெரியாது. கே.ஏ. என்று தொடங்கும் எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. பெங்களூர் நகருக்குத்தான் அந்தச் சலுகையற்ற விதி. கோலார் போன்ற பக்கத்து மாவட்டங்களில் கிருஷ்ணகிரியைப் போலவே பி.எஸ்.3 வண்டிகள் விற்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் பதிவானது என்பதைப் பார்க்க வேண்டும். 2017 மார்ச் கடைசியில் பதிவான வண்டிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் 29-ஆம் தேதி உத்தரவிட்டது. அப்போது விற்காமல் கிடந்தவை நாடெங்கும் சுமார் 8 லட்சம். பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள். கடைசி இரண்டு நாளில் பெரும் தள்ளுபடியில் அவை கைமாறின. இன்று "2017 மாடல்" என்று பெருமையாகக் காட்டப்படும் வண்டி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடும்.

வேறுபாட்டைக் கண்டறிவது எப்படி? முதல் இடம் ஆர்.சி. புத்தகம். அதில் புகை அளவு என்ற வரியில் பாரத் ஸ்டேஜ் எத்தனை என்று இருக்கும். பழைய பதிவுகளில் அந்த வரி காலியாக இருப்பதும் உண்டு. அவ்வாறு இருந்தால் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் வண்டி எந்த வகையாகத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்று சொல்லிவிடுவார்கள். தரகர் சொல்லும் வார்த்தைக்கு இங்கு இடமில்லை. கண்ணாடியில் ஒட்டியுள்ள ஆரஞ்சு நிற வில்லை டீசல் வண்டி என்பதை மட்டுமே காட்டும். அதன் மேல் ஓரத்தில் பச்சைப் பட்டை இருந்தால் பி.எஸ்.6. மூன்றையும் நான்கையும் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் வெளியில் கிடையாது. இது ஒரு பெரிய குறை.

அடுத்து பானெட்டைத் திறக்க வேண்டும். பழைய முறை டீசல் பம்பில், பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராக நாசிலுக்குச் செல்லும். நாசில் தலையில் மின் கம்பி இருக்காது. காமன் ரெயில் முறையில் கனத்த குழாய் ஒன்று குறுக்கே படுத்திருக்கும். அதிலிருந்து கிளைகள் பிரிந்து இன்ஜெக்டர்களுக்குப் போகும். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மின் இணைப்பு இருக்கும். ஈ.ஜி.ஆர். என்னும் வால்வு புகை வெளியேறும் பக்கத்திற்கும் காற்று உள்ளே செல்லும் பக்கத்திற்கும் இடையில் காளான் குடை போல அமர்ந்திருக்கும். கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் குழாயில் இஞ்சினை அடுத்து வயிறு பெருத்தாற்போல இருக்கும் தகர உருளை. பி.எஸ்.4 வண்டியில் இவற்றுடன், இஞ்சின் கோளாறைத் தானே கண்டுபிடித்து மஞ்சள் விளக்கைக் காட்டும் ஓ.பி.டி. என்ற அமைப்பும், ஸ்டீரிங்கிற்குக் கீழ் அதற்கான சாக்கெட்டும் உண்டு. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில் இந்த அமைப்பு இன்னும் விரிவானது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஈ.ஜி.ஆர். இருக்கிறது, காமன் ரெயில் இருக்கிறது என்பதால் மட்டும் பி.எஸ்.4 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பி.எஸ்.3 வண்டிகளிலும் இவை இருந்ததுண்டு. எல்லா அடையாளமும் புத்தகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். புத்தகத்தில் 4 என்றிருந்து சைலன்சர் குழாய் வயிறில்லாமல் நேராக ஓடினால், யாரோ கன்வெர்ட்டரை அறுத்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனுள் விலையுயர்ந்த பிளாட்டினம் இன உலோகம் பூசப்பட்டிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. ஈ.ஜி.ஆர். குழாய் இணையும் இடத்தில் பளபளப்பாகச் சிறு தகடு ஒன்று இடையில் தெரிந்தால், வழி அடைக்கப்பட்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒரு முறை எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கும் நியாயம் ஒன்று சொல்லப்படுகிறது. ஈ.ஜி.ஆர். வால்வு கழிவுப் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறது. அதனால் எரியும் சூடு தணிகிறது. சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறைவாக உண்டாகிறது. ஆனால் புகையில் வரும் கரி நாளடைவில் வால்வில் படிந்து, மூட முடியாமல் நின்றுவிடுகிறது. அப்போது வண்டி கரும்புகை கக்கும், இழுவை போய்விடும். ஒர்க் ஷாப்பில் தகடு வைத்து அடைத்ததும் இழுவை திரும்பிவிடுகிறது. விவசாயிக்கும் திருப்தி, மெக்கானிக்கிற்கும் நல்ல பெயர்.

பழி முழுவதையும் மெக்கானிக்கின் மீது போடுவதும் சரியல்ல. 2010-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பெங்களூர் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு, பி.எஸ்.3 பகுதி டீசலில் 350 பங்கு. பெங்களூருக்கென்று செய்த வண்டியில் ஏழு மடங்கு கந்தகமுள்ள டீசலை ஊற்றினால் கன்வெர்ட்டர் திறன் இழப்பதிலும் ஈ.ஜி.ஆர். பாகங்கள் அமிலத்தால் அரிக்கப்படுவதிலும் வியப்பில்லை. "இந்த ஊர் டீசலுக்கு இதெல்லாம் ஆகாது" என்று அன்று மெக்கானிக்குகள் சொன்னதில் உண்மை இருந்தது. இன்று அது இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வண்டிக்கும் இதனால் நன்மையே. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இனி, அடைத்த வண்டி புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்கலாம். இங்குதான் வேடிக்கை. டீசல் வண்டிக்குச் செய்யப்படும் பரிசோதனை, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தி, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பது மட்டுமே. பி.எஸ்.4-க்கு முந்திய வண்டிக்கு அந்த எண் 2.45 வரை இருக்கலாம், பி.எஸ்.4 வண்டிக்கு 1.62-ஐத் தாண்டக் கூடாது. கரும்புகையை அது பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. ஈ.ஜி.ஆர். வழியை அடைத்தால் கரி குறைகிறது, நைட்ரஜன் ஆக்ஸைடு கூடுகிறது. ஆகவே சாதனத்தைக் கெடுத்த வண்டி நல்ல மதிப்பெண்ணுடன் தேறிவிடுகிறது. சாதனத்தை வைத்துக்கொண்டு சுத்தம் செய்யாமல் விட்டவர் தோற்கிறார். பரிசோதனை முறையே தவறு செய்தவருக்குச் சாதகமாக அமைந்திருப்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்ல.

கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்று எண்ண வேண்டாம். நைட்ரஜன் ஆக்ஸைடும் பிற ஆவிகளும் வெயிலில் கலந்து தரைமட்டத்தில் ஓசோன் வாயுவாகின்றன. அது இலைத் துளைகள் வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, கீரை ஆகியவை இதனால் எளிதில் பாதிக்கப்படும் பயிர்கள். இலையின் மேற்புறத்தில் பொடிப் பொடியாக நிறம் மாறிய புள்ளிகள் தோன்றும். அதைப் பேன், சிலந்தி என்று நினைத்து மருந்தடித்துப் பணத்தை வீணாக்குவதும் நடக்கக் கூடியதே. நகரத்தில் கிளம்பிய புகை காற்றோடு நகர்ந்து, வழியில் ஓசோனாக மாறிச் சுற்றுப்புறக் கிராமங்களில் இறங்குவது பல நாடுகளில் கண்ட உண்மை. ஒரு பக்கம் பெங்களூர், மறுபக்கம் ஓசூர்த் தொழிற்பேட்டை, நடுவில் இரவு பகல் ஓயாத நெடுஞ்சாலை என்று அமைந்த இந்தப் பகுதிக்கு இது புறக்கணிக்கக் கூடிய விஷயம் அல்ல. இன்னொன்று. 2013-ல் பிரிட்டனில் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகள் கடுகு இனப் பூவின் மணத்திலுள்ள சில பொருள்களைச் சிதைத்துவிடுவதையும், அவை குறைந்த மணத்தைத் தேனீக்கள் சரியாக அடையாளம் காணாததையும் கண்டறிந்தனர். தேனீயை நம்பிக் காய்க்கும் பயிர் வைத்திருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். புகையை நாள்தோறும் சுவாசிக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது.

வாகனப் புகையின் கதையே காய்கறித் தோட்டத்தில் தொடங்கியதுதான். 1940-களில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கீரை இலைகள் காரணமின்றி வெளிறின. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற தாவர வேதியியல் அறிஞர், மோட்டார் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோனே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அதன் விளைவாக கலிபோர்னியா மாநிலம் மற்ற மாநிலங்களைவிடக் கடுமையான விதி வகுத்துக்கொண்டது. அங்கும் ஒரே கார் "கலிபோர்னியா வகை", "மற்ற மாநில வகை" என இரண்டாக விற்கப்பட்டது. எல்லை தாண்டி வாங்குபவருக்கு அங்கும் இதே குழப்பம். ஆனால் அவர்கள் ஒரு வழி செய்தார்கள். எந்த வகை, எந்தெந்தச் சாதனம் உண்டு என்பதைப் பானெட்டுக்கு அடியில் ஒரு சீட்டில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். 1984-ல் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டத்தில், வாயுவை அளப்பதோடு, சீட்டில் கண்ட சாதனங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக் குறிப்பதும் சேர்க்கப்பட்டது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எப்.சி. பார்க்கும்போதாவது இதைக் கட்டாயமாக்குவதில் என்ன தடை?

வாங்கிய பின் செய்ய வேண்டியவை சில உண்டு. புகை வந்தவுடன் ஈ.ஜி.ஆர். மீது கை வைக்க வேண்டாம். மண் பாதையில் ஓடும் வண்டியில் பாதிக் குற்றம் காற்று வடிகட்டியினுடையது. புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரைக் கிராமப் பாதைக்குப் பாதியாக வைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது. அடுத்து டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு, பிறகு நாசில். இவை சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியைக் கரைத்துச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட்டுடன் பொருத்த வேண்டும். அப்படியும் வேலை செய்யாவிட்டால் வால்வையே மாற்ற வேண்டியதுதான். ரேடியேட்டர் தண்ணீர் வெளியே ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்தால் ஈ.ஜி.ஆர். கூலரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலட்சியம் செய்தால் இஞ்சினே போய்விடும். எந்தப் பாகம் வாங்கினாலும் வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்காமல் சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். பி.எஸ்.3 வண்டியின் பாகம் பி.எஸ்.4 வண்டியில் சில சமயம் பொருந்திவிடும், வேலைதான் செய்யாது.

பி.எஸ்.3 வண்டி என்று தெரிந்தால் அதை ஒதுக்கத் தேவையில்லை. சாதனம் குறைவு, பழுது பார்க்கவும் எளிது. ஆனால் பி.எஸ்.4 வண்டிக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. புகைச் சான்று அதற்கு ஆறு மாதமே செல்லும், பி.எஸ்.4 வண்டிக்கு ஓராண்டு. 2010, 2011-ல் பதிவானவை 15 ஆண்டு நிறைந்து மறுபதிவுக்கு வரும் வயதை எட்டிவிட்டன என்பதையும் விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும். சாதனம் பிடுங்கப்பட்ட பி.எஸ்.4 வண்டிதான் எல்லாவற்றிலும் மோசமான பேரம். கன்வெர்ட்டரும் வால்வும் திரும்ப வாங்கும் செலவு வாங்குபவர் தலையில் விழும். தொழிற்சாலை அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாற்றியவர் பெங்களூரில் இருப்பார்; வண்டி தளியில் நிற்கும்.

கர்நாடக வண்டியை இங்கே கொண்டு வந்து 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் பெற்றாக வேண்டும். அதற்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. அந்தச் சான்றை விற்பவரே பெற்றுத் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் பி.எஸ். வரி காலியாகவோ தவறாகவோ இருந்தால் அதையும் அங்கேயே திருத்திக்கொண்டு வருவது உத்தமம். எல்லை தாண்டிய பிறகு அந்தக் காகிதத்தின் பின்னால் அலைவதற்கு ஒரு பயிர்க் காலமே போய்விடும்.

இடையே ஒரு செய்தி. பல புதிய லாரிகளிலும் சில புதிய ஜீப்களிலும் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடியுடன் ஒரு தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா கலந்த நீர். "யூரியாதானே" என்று வயலுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து அள்ளிக் கரைத்து ஊற்றக் கூடாது. 2015 முதல் நம் நாட்டில் செய்யப்படும் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டது. பயிருக்கு நல்லதான அந்தப் பூச்சு, வண்டியின் சாதனத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

இதே பிரச்சினை டிராக்டருக்கும் வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்னும் கடுமையான அளவு அமலில் உள்ளது. அதற்குக் கீழ்ப்பட்டவை பழைய முறையிலேயே வருகின்றன. ஆகவே 49 குதிரைத் திறன் டிராக்டரும் 52 குதிரைத் திறன் டிராக்டரும் வெளித் தோற்றத்தில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் இஞ்சினில் வேறு வேறு. சில ஆண்டுகளில் இவை பழைய வண்டிகளாகச் சந்தைக்கு வரும்போது கிராமத்து மெக்கானிக்குகள் மீண்டும் தகட்டைக் கையில் எடுப்பார்கள். ஓசூர் லாரியும் இருசக்கர வாகனமும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர். இங்கே தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. பையூரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. போக்குவரத்துத் துறையும் வேளாண்மைப் பொறியியல் துறையும் இவற்றுடன் சேர்ந்து, மா அறுவடை முடிந்து கையில் பணமிருக்கும் ஆடி மாதத்தில் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இரண்டிரண்டு நாள் முகாம் நடத்தலாம். முகாமுக்கு வரும் வண்டிகளின் சாதனங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகளுக்கு வால்வைச் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுத் தர வேண்டும். முதல் முகாமில் அபராதம் விதிப்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால்தான் வண்டிகள் வரும்.